ஒன்பது சுற்றுக்கு ஒரு சங்கிலி

படலை திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் மனைவி புவனம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பகல் ஒரு மணி வெயில். அவளுடைய வெள்ளைச் சீருடையின் தோள் முழுவதும் கரி. அந்தத் தோளில் ஒரு பழைய சைக்கிள் டயர் மாலை மாதிரித் தொங்கியது.

"இந்தாங்க. ஹனிபாக் காக்கா தந்து விட்டவர்."

"கடிதம் ஒண்டும் தரல்லியா?"

"இதுதான் கடிதமாம்."

டயரை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஓரிடத்தில் சிவப்புச் சீலைத் துண்டு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில், தேய்ந்த ரப்பரில், விரலால் தடவினால் தெரிகிற மாதிரி எழுத்து. இருபத்தெட்டு.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெயிலில் நின்றவள் அவள். வியர்த்தது எனக்கு.

"சென்றியில மறிச்சி வச்சி அரை மணித்தியாலம் கேள்வி. மிட்வைஃபுக்கு டயர் என்னத்துக்கெண்டு கேக்கான். நான் என்னத்தச் சொல்லுற? எண்ட புருசனுக்கு விசர், அதுக்கு மருந்தெண்டு சொன்னன். சிரிச்சிப்போட்டு விட்டுட்டான்."

அந்த நாட்களில் டயர் என்றாலே எல்லோருக்கும் சந்தியில் பிணத்தோடு எரிகிற டயர்தான் நினைவுக்கு வரும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று ஆமிக் காவல் சென்றி தாண்டி வந்திருக்கிறாள். நானோ அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவும் தோன்றாமல், டயரைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றேன்.

அளக்கப் போகாத கந்தோர்

அந்த டயர் என்ன சொன்னது என்று விளங்க, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மட்டக்களப்பில் நில அளவைக் கந்தோரில் படம் கீறுவது என் வேலை. அளவையாளர்கள் வெளியில் போய் அளந்து வருவார்கள். நான் மேசையில் குனிந்து கீறுவேன். சண்டை வந்த பிறகு வெளியே போவது நின்றுவிட்டது. முக்காலியில் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவனை, தூரத்தில் நிற்கிற துவக்குக்காரன் என்னவென்று நினைப்பான்? ஆமியும் சுடலாம், இயக்கப் பெடியன்களும் சுடலாம். ஆகவே அளவைச் சங்கிலிகள் அலுமாரிக்குள் துருப்பிடித்தன. நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்தோம்.

எனக்குச் சும்மா இருக்க வராது. அது ஒரு வியாதி. ஒரு மாரியில் கந்தோருக்குள் வெள்ளம் வந்து பழைய படங்கள் நனைந்தபோது, அவற்றை வெயிலில் காயவைக்கிற வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். மூன்றாம் நாள், வாவிக் கரையோரத்துத் தாள் ஒன்றை விரித்தால், வயல் நடுவே முட்டை வடிவில் ஒரு கோடு. கறையான் பாதியைத் தின்றிருந்தது. பக்கத்தில் சாய்ந்த இங்கிலீஷ் எழுத்தில் குதிரைப் பந்தயத் திடல் என்று குறித்திருந்தது.

குதிரையா? எங்கள் பக்கத்திலா? எருமை உண்டு, வண்டி மாடு உண்டு. குதிரையை நான் கோயில் வாகனமாகத்தான் கண்டிருக்கிறேன். நெஞ்சு படக்படக்கென்று அடித்தது. அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகும் கட்டுக் கட்டாக அவிழ்த்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு கிடைத்தன. ஆக மொத்தம் மூன்று.

வெள்ளைக்காரத் துரைமார் ஆண்டில் ஓரிரு நாள் கூடி ஓடவிட்டிருப்பார்கள் போலும். யார் ஓடினார், எந்தக் குதிரை வென்றது, எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அக்கறையும் இல்லை. எனக்கு வேண்டியது கோடு. அது நிலத்தில் எங்கே கிடக்கிறது? இன்னமும் கிடக்கிறதா?

முதலாவது, பட்டணத்துக்குள் ஒரு பள்ளிக்கூட மைதானமாகிப் போயிருந்தது. ஒரு பின்னேரத்தில் பிடித்துவிட்டேன். இரண்டாவது ஒரு ஆமி முகாமுக்குள் அகப்பட்டுவிட்டது. உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. ஆனால் முகாமுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, வரிசையாக நடக்கவிட்டு, மறுபக்கம் ஏற்றுவார்கள். மற்றவர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நடக்கிற அந்தத் தூரத்தை நான் அடி எண்ணிக்கொண்டு நடந்தேன். ஒரு அலுவலும் இல்லாமல் அதே பஸ்ஸில் ஆறு தரம் போனேன். வேலிக்கு அப்பால் நிலம் வளைந்து உயர்கிற இடத்தை ஏழாம் தரம் கண்டேன்.

இடையில் பெரியகல்லாற்றுக்கும் ஒரு வீண் பயணம். அங்கே வாவியோரம் 'பந்தயக் கரை' இருக்கிறது என்று கந்தோர்க் காவலாளி சொன்னதை நம்பி விடிய வெளிக்கிட்டுப் போனேன். வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "குதிரையா? இஞ்ச ஓடின தோணி மனே," என்றார். தோணி ஓட்டம் பார்க்கச் சனம் நிற்கிற கரை அது. வந்ததுக்கு அதையும் கீறிக்கொண்டு, ஒரு கோர்வை மீனோடு திரும்பினேன். அன்றைக்கு மீன் கண்டதால் புவனம் ஒன்றும் சொல்லவில்லை.

பற்றை மூடிய ஒழுங்கை

மூன்றாவதுதான் கறையான் தின்றது. அது எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது என்றால் நம்புவீர்களா?

எங்கள் ஊரின் தெற்கு வயல் வட்டையில் வரம்புகள் எல்லாம் மூலை மூலையாகத் திரும்பும். ஒரு வரம்பு மட்டும் ஏழெட்டுப் பேருடைய வயலுக்குள்ளால் வளைந்து போகும். சின்ன வயதிலிருந்து அதில் நடந்தவன் நான். ஏன் வளைகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. படத்தைக் கண்ட பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதி முட்டை. மற்றப் பாதி, ஊர் எல்லையாக ஓடுகிற ஒடுக்கமான ஒழுங்கைக்கு அப்பால், ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆட்களின் தென்னந்தோட்டங்களுக்குள்.

அந்த ஒழுங்கையை யாரும் கடப்பதில்லை. ஒரு வருடம் நடந்தவை அப்படி. நாங்களும் எங்கள் செத்தவர்களைப் புதைத்தோம், அவர்களும் புதைத்தார்கள். அதற்குமேல் இதில் எழுதமாட்டேன். ஒழுங்கையைப் பற்றை மூடிவிட்டது. பற்றைக்குள் கண்ணிவெடி இருக்கும் என்ற பயம் வேறு.

அந்தப் பக்கம்தான் ஹனிபா இருந்தான். கந்தோரில் பதினாலு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. அவன் அளப்பான், நான் கீறுவேன். அவன் கொண்டுவருகிற கணக்கை ஒருவரும் சரி பார்ப்பதில்லை, தேவைப்படவும் இல்லை. கலவரத்துக்குப் பிறகு அவனால் பட்டணத்துக்கு வரமுடியாமல் போனது. தம்பியுடைய மரக்காலையில் பலகை அளந்துகொண்டிருந்தான். மூன்று வருடம் நான் அவன் முகத்தைக் காணவில்லை.

இரண்டு பக்கமும் போய்வரக் கூடியவள் புவனம் ஒருத்திதான். பிள்ளை பிறப்பதற்கு எந்த ஊரென்று கிடையாதே. பிரதான வீதியால் சுற்றிப் போய், வியாழக்கிழமைகளில் அங்கே கிளினிக் நடத்துவாள். அவளிடம் ஒரு துண்டு கொடுத்துவிட்டேன். 'உன் பக்கத்தில் வளைந்த வரம்போ வேலியோ உண்டா?'

அடுத்த வியாழன் பதில் வந்தது. 'இரிக்கி மச்சான். மரக்காலைக்குப் பின்னால தோட்டத்து வேலி வில்லு மாதிரி கிறுகிப் போகுது. என்ன விசயம், கெதியா எழுது.' அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

எப்படி அளப்பது? சங்கிலியைக் கொண்டு திரிந்தால் பிடிபடுவோம். வழி கண்டது ஹனிபாதான். இருபத்தெட்டு இஞ்சி சைக்கிள் சில்லு ஒரு முறை உருண்டால் ஏழடி நாலு அங்குலம். ஒன்பது முறை உருண்டால் அறுபத்தாறு அடி. அதுதான் எங்கள் அளவைச் சங்கிலியின் நீளம். பத்துச் சங்கிலி ஒரு பர்லாங். குதிரையும் பர்லாங்கில்தான் ஓடியது. இதை அவன் எழுதி அனுப்பியபோது நான் கடதாசியை முத்தமிட்டேன், புவனம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

முன் டயரில் ஒரு சிவப்புச் சீலை கட்டுவது. பழுதான சைக்கிளை உருட்டிப் போவது போல மெல்ல நடப்பது. சீலை மேலே வரும்போதெல்லாம் எண்ணுவது. திசைக்கு எனக்குக் கந்தோர்த் திசைகாட்டி, சோற்றுப் பார்சலுக்கு அடியில். அவனுக்குச் சவூதியிலிருந்து வந்த, தொழுகைக்குத் திசை பார்க்கிற சின்னக் கருவி. அவன் எண்களைப் புவனம் தன் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பிள்ளைகளின் நிறை எழுதுகிற கட்டங்களுக்குள் எழுதிக் கொண்டுவந்தாள்.

"ஒரு குதிரையும் இல்லாத ஓட்டத்துக்கு நான் ஒரு நாளைக்கு உள்ளுக்குப் போகப் போறன்," என்பாள். ஆனால் ஒரு எண்ணும் பிசகாமல் எழுதுவாள்.

இருபத்தாறு இஞ்சிச் சந்தேகம்

அவன் பாதியை ஒரு ட்ரேசிங் கடதாசியில், என் பாதியை இன்னொன்றில் கீறினேன். யன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டையும் ஒட்டி, ஒன்றை மெல்ல நகர்த்தினேன். இந்தக் கணத்துக்காகத்தானே எட்டு மாதம்.

பொருந்தவில்லை.

கிழக்கு முனையைச் சேர்த்தால் மேற்கு முனை எண்பதடி விலகி நின்றது. என் பாதி இருநூற்றிருபத்தைந்து சுற்று, கச்சிதமாக இருபத்தைந்து சங்கிலி. அவன் பாதி இருநூற்று நாற்பத்திரண்டு. முட்டையின் இரண்டு பாதியும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? எங்கிருந்து வந்தது அந்தப் பதினேழு?

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. ஹனிபாவின் மகளிடம் பெண்கள் சைக்கிள் ஒன்று உண்டு. அதன் சில்லு இருபத்தாறு இஞ்சி. சின்னச் சில்லு, ஆகவே அதிகச் சுற்று. இருநூற்று நாற்பத்திரண்டை இருபத்தாறால் பெருக்கி இருபத்தெட்டால் வகுத்தேன். சொல்லிவைத்தாற்போல் இருநூற்றிருபத்தைந்து வந்து விழுந்தது.

நான் துள்ளினேன். அவன் பாதியை அந்தக் கணக்குக்குச் சுருக்கி மறுபடி கீறினேன். அப்போதும் முனையில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதைப் பென்சில் தடிப்பால் மூடினேன். ஆம், மூடினேன். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் அந்தப் பென்சில் கோடு என் கண்ணுக்குள் நிற்கிறது.

அத்தோடு விட்டேனா? கடிதம் எழுதினேன். 'மகளுடைய சைக்கிளில் உருட்டியிருக்கிறாய். அளவு பிழை. நான் திருத்திவிட்டேன், கவலைப்படாதே.'

பதினாலு வருடம் ஒருவரும் சரி பார்க்காத அளவுக்காரனிடம் அளவு பிழை என்றேன். அதுவும் எந்தக் காலத்தில்? எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் அவர்களைப் பற்றி என்னென்ன பேசினார்களோ, அவர்கள் கடைகளில் எங்களைப் பற்றி என்னென்ன பேசினார்களோ, அதெல்லாம் காற்றில் நின்ற காலத்தில். எழுதும்போது எனக்கு இது ஒன்றும் உறைக்கவில்லை. முட்டை மூடிவிட்ட சந்தோசம் மட்டும்தான்.

இரண்டு வியாழன் பதில் இல்லை. மூன்றாம் வியாழன் டயர் வந்தது.

மீன் வெட்டியவள் சொன்னது

இருபத்தெட்டு என்று டயர் சொல்லிவிட்டது. அப்படியானால் அவன் அளவு சரி. என் அளவும் சரி. பிறகு எண்பதடி எங்கே போனது? ஹனிபாவை இழந்துவிட்டேன் என்ற கவலை ஒரு பக்கம், இந்தப் புதிர் ஒரு பக்கம். இரண்டையும் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடந்தேன்.

புவனம் குளித்துவிட்டு வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் பாத்துக்கொண்டுதான் இரிக்கன்," என்றாள். "நீங்க எதப் புடிச்சி உருட்டின?"

"வரம்ப."

"அவர்?"

"வேலிய."

"அப்ப எப்பிடி ஒண்டாகும்?"

நான் நின்றேன்.

"அங்க மரக்காலைக்குப் பின்னால வேலிக்கு உள்பக்கந்தான் சைக்கிள் நல்லா ஓடும். கல்லு மாதிரி தரை. அதுக்கு மேல நிக்கிற தென்னையெல்லாம் சோகை புடிச்சிரிக்கி. இஞ்ச நம்மட வட்டையில வரம்புக்கு வெளிப்பக்கந்தான் தரை இறுக்கம். பயிர் புடிக்காதெண்டு விட்டு, சனம் வழியாக்கி வச்சிரிக்கி. ரெண்டும் ஒரே தரைதான். நான் மாறி மாறி ஓடுறவள், எனக்குத் தெரியாதா?"

"இத ஏன் முன்னமே சொல்லல்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? நிறை எழுதத்தானே என்ன வச்சிரிந்தீங்க."

சத்தியமாக அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. மீன் கத்தி கையில் இருந்ததால் விட்டேன். யன்னலுக்கு ஓடினேன். சுருக்கிக் கீறியதைக் கிழித்து வீசிவிட்டு, ஹனிபாவின் முதல் கடதாசியை எடுத்து என் பாதிக்கு எதிரே நடுவாக வைத்தேன். இரண்டு முனையிலும் நாற்பதடி, நாற்பதடி. அவன் பாதி வெளி விளிம்பு. என் பாதி உள் விளிம்பு. பிழை என்று நான் நினைத்த இடைவெளிதான் குதிரை ஓடிய பாதை. அதன் அகலம் நாற்பதடி.

ஒழுங்கையில் நின்று ஒரு தரம் இரண்டு பக்கமும் பார்த்திருந்தால் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். எங்கள் இருவராலும் அங்கே நிற்க முடியவில்லை.

அவன் கோட்டிலிருந்து நாற்பதடி உள்ளே இன்னொரு வளைவு கீறி அளந்தேன். இருபத்தைந்து சங்கிலி. என்னுடைய இருபத்தைந்து. மொத்தம் ஐம்பது சங்கிலி. அப்பழுக்கில்லாத ஐந்து பர்லாங்! அடுக்களை வாசலில் நின்று கத்தினேன். அடுத்த வீட்டார் என்னவோ ஏதோ என்று வேலிக்கு ஓடிவந்தார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு புவனம் கேட்டாள். "அது சரி. அவருக்கு என்னத்தச் சொல்லப் போறீங்க?"

மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதினேன். திருத்திய படத்தின் எண்களையும் வைத்தேன். பதில் இல்லை. ஒவ்வொரு வியாழனும் படலையில் நின்று கேட்பேன்.

"குடுத்தியா?"

"குடுத்தன். வாசிச்சார். பேரப்புள்ளைக்கு நிறை ஏறல்லையெண்டு மட்டும் கதைச்சார்."

நாலு மாதம் இப்படிப் போனது. முழுப் படம் சுவரில் தொங்கியது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நானூற்றைம்பது

சண்டை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலம் வந்தது. அறுவடை முடிந்திருந்தது. ஒழுங்கைப் பற்றையை வெட்டி, வெடி இல்லை என்று பார்த்து, திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கத்துச் சனமும் முதல் கிழமை எட்ட நின்று பார்த்ததே தவிர ஒருவரும் கடக்கவில்லை.

அந்த வியாழன் புவனம் ஒரு துண்டு கொண்டுவந்தாள். ஒரே வரி. 'சனிக்கிழமை காலம, ஒழுங்கையில.'

ஹனிபாவின் டயரை என் சைக்கிளின் முன் சில்லில் போட்டேன். சிவப்புச் சீலையை அவிழ்க்கவில்லை. சனிக்கிழமை போனபோது அவன் எனக்கு முன்பே வந்து, வேலி முடிகிற இடத்தில் நின்றான். தாடி நரைத்திருந்தது. மெலிந்திருந்தான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சில்லைப் பார்த்தான்.

"டயர நல்லாத் தேச்சிப்போட்டாய்."

"இல்ல மச்சான். இண்டைக்குத்தான் போட்டன்."

"அப்ப நாந்தான் தேச்சிரிக்கன்." கொஞ்சம் சிரித்தான். பிறகு கேட்டான். "எத்தினயெண்டு எழுதின?"

"அம்பது சங்கிலி. நானூத்தம்பது சுத்து."

"கடதாசியில."

"ஓம். கடதாசியில."

"நிலத்துல பாப்பம், வா."

உள் விளிம்பில், ஒழுங்கை நடுவே, ஒரு கட்டை அடித்தோம். நான் சைக்கிளைப் பிடித்து உருட்டினேன். அவன் மறுபக்கம் கைப்பிடியில் ஒரு கை வைத்து நடந்தான். ஒன்பதுக்கு ஒரு தரம் அவன் ஒரு கச்சான் கொட்டையைச் சட்டைப் பையில் போடுவான். வெளிக்களத்தில் சங்கிலிக்கு ஒரு குச்சி எடுத்து வைப்பது அவன் பழக்கம். என் பக்கத்து வயல்காரர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். அவன் பக்கம் போனபோது தோட்டத்து மனிதர் இருவர் பின்னால் நடந்துவந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் எண்ணிக்கை பிசகுமே என்று வாய் திறக்கவில்லை. மூன்று வருடக் கதை இருந்தும் சீலை மேலே வருவதைத்தான் இருவரும் பார்த்தோம்.

கடைசி வளைவு திரும்பிக் கட்டை தெரிந்தபோது என் நெஞ்சு பழையபடி படக்படக்கென்று அடித்தது. கட்டையில் சில்லு முட்டியது.

"நானூத்தம்பது," என்றேன்.

ஹனிபா கச்சான் கொட்டைகளை எடுத்து எண்ணினான். விரலை மடக்கிப் பார்த்தான்.

"நானூத்தம்பத்தொண்டு," என்றான்.

தேய்ந்த டயர் ஒரு சுற்றுக் கூடத்தான் காட்டும் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. ஐந்து பர்லாங் என்ற அந்த அழகான முழு எண்ணும் கண்முன் நின்றது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பென்சிலை எடுத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த படத்தில் நானூற்றைம்பத்தொன்று என்று எழுதி, அளந்தவர் என்ற இடத்தில் அவன் பெயரைப் போட்டேன். இன்றைக்கும் அந்தப் படத்தில் அப்படித்தான் இருக்கிறது.